ஒரு டின் மாவின் எடை

ஐந்தாவது முறையும் பால் டின்னில் அரிசி மாவை நிரப்பி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டுத் தராசில் வைத்தேன். 226. அதற்கு முன் நான்கு முறை 224, 229, 226, 225. ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தாலும் 226தான் வந்தது. காலி டின்னின் எடையை முன்பே கழித்திருந்தேன். மாவைத் தட்டி அடைக்கவில்லை, உதிர்த்துத்தான் போட்டேன். தவறு என் பக்கம் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேறு இடம் மிச்சமில்லை என்றான பிறகு நோட்டில் தேதியை எழுதினேன். செப்டம்பர் 21, ஞாயிறு. அதற்குக் கீழே, 'ஒரு பால் டின் வறுத்த அரிசி மாவு 226 கிராம். மீனலோசனி எழுதியிருப்பது 500.' எழுதி முடித்ததும் எனக்கு வந்தது மகிழ்ச்சி. அதையும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அடுப்படியில் அம்மா தேநீருக்குப் பால் தேடிக்கொண்டிருந்தார். டின்னில் மிச்சமிருந்த பாலைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு டின்னை நான் கழுவி எடுத்திருந்தேன். "மாவ நிறுத்துப் பாக்குறதுக்கெல்லாம் ஒரு கிளாஸா?" என்று கேட்டார். மூன்று மாதங்களாக வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறார். அம்மாவிடம் விளிம்பு நசுங்கிய ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. முறுக்குக்கு மாவும் தண்ணீரும் அதில்தான். அந்த டம்ளரில் எத்தனை கிராம் பிடிக்கும் என்று நான் நிறுத்து எழுதியபோது, "ஏன், அந்த டம்ளர் எங்கயாச்சும் ஓடிப் போயிடுமா?" என்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கிறது எங்கள் மாலை வகுப்பு. செவ்வாய், வியாழன், ஆறரை முதல் எட்டரை வரை. போர்ட் கிள்ளானில் வேலை முடிந்து கம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் ஏறினால் கே.எல். சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் இராமலிங்கம். ஹோட்டல் சமையலறைகளில் இருந்தவர். முதல் நாள் அவர் ஆறு வெவ்வேறு கோப்பைகளை மேசையில் வரிசையாக வைத்து, "ஒரு கப்புன்னு எழுதியிருந்தா யாரு வீட்டு கப்பு?" என்று கேட்டார். பிறகு ஒரே கோப்பையில் மாவையும் சீனியையும் தண்ணீரையும் மாற்றி மாற்றி நிரப்பி நிறுத்துக் காட்டினார். மாவு 125, சீனி 200, தண்ணீர் 240. அன்று ரயிலில் திரும்பி வரும்போது, இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் பகலிலும் நான் செய்வது எடை வேலைதான். ஒரு கண்டெய்னர் யார்டில், கப்பலுக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியின் எடையையும் கணினியில் பதிவேன். தாளில் அறிவித்திருக்கும் எடையும் எடைமேடை காட்டும் எடையும் ஒத்துவராவிட்டால் உடனே போன் செய்து கேட்பேன். முந்நூறு கிலோ வித்தியாசத்துக்கும் கேட்பேன். "மேடம், வர்ற வழியில மழை லா, பெட்டி நனைஞ்சிருக்கும்" என்பார்கள் லோரிக்கார அண்ணன்மார். நான் விடமாட்டேன். தவறான எடையைத் தெரிந்தே பதிவது பொய் சொல்வதைவிட மோசம் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

வகுப்பில் என் பக்கத்து மேசை மீனலோசனியுடையது. அவள் வீடு வகுப்பிலிருந்து ஐந்து நிமிட நடை. குளித்துத் தலை ஈரத்தோடு, வீட்டுச் செருப்போடு வருவாள். நான் அதற்குள் இரண்டு முறை வியர்த்துக் காய்ந்திருப்பேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வகுப்பில் எங்களைப் போலத்தான் பேசுவாள், அம்மாவிடமிருந்து போன் வந்தால் மட்டும் 'ஓம், ஓம்' என்று குரல் மாறும். ஒருவருக்கு இரண்டு பேச்சு இருப்பதைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமை வந்திருக்கிறது. அவளிடம் தராசு கிடையாது. தேவைப்பட்டால் என்னுடையதை வாங்கிக்கொள்வாள், அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு நாள் 250 கிராம் வெண்ணெய் வேண்டியிருந்தது. கட்டியிலிருந்து கத்தியால் ஒரே வெட்டு வெட்டிக் கிண்ணத்தில் போட்டாள். அவள் கை கழுவப் போனபோது அந்தக் கிண்ணத்தை எடுத்து என் தராசில் வைத்துப் பார்த்தேன். 248. என் நோட்டில் ஜூலை 10ஆம் தேதிப் பக்கத்தில் அந்த எண் மட்டும்தான் இருக்கிறது, அடியில் இரண்டு கோடுகளோடு.

நான் நிறுத்ததை முகுந்தன் பார்த்துவிட்டான். எதிர் மேசைக்காரன், யாரையும் விட்டுவைக்காதவன். "மீனாவுக்கு கையே தராசு. குமுதாவுக்கு தராசே கை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மீனலோசனி சிரிக்காமல், "சும்மா இரு லா, அவ தராசு இல்லாட்டி நம்மல்லாம் எப்பவோ பெயில்" என்றாள். அவள் எனக்காகப் பேசியதுதான் அன்று என்னை அதிகம் எரித்தது. ஒரு நாளாவது என்னிடம் மோசமாக நடந்துகொண்டிருந்தால் அவளை வெறுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும். நிறுத்து, கலந்து, நேரம் குறித்து, எல்லாம் சரியாகச் செய்த என் கேக் நடுவில் குழியும். அவளுடையது எழும்பும். ஆசிரியர் என்னுடையதில் ஒரு துண்டு எடுத்துத் தலையசைப்பார். அவளுடையதில் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டுவார்.

செப்டம்பர் தொடக்கத்தில் அவர் ஒரு வேலையைப் பற்றிச் சொன்னார். ஷா ஆலமில் பலகாரம் செய்யும் பெரிய சமையலறை ஒன்று. அங்கே பழைய சமையல்காரர்களின் குறிப்புகள் எல்லாம் டம்ளரிலும் டின்னிலும் கைப்பிடியிலும் இருக்கின்றன. ஆள் மாறினால் ருசி மாறுகிறது. எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றி எழுத ஒருவர் வேண்டும். எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பெயரை அவர் அனுப்புவார். அவர் பேசி முடிக்கும் முன்பே அந்த வேலை என்னுடையது என்று மனம் சொல்லிவிட்டது. இதைத் தவிர வேறு எதிலும் நான் கெட்டிக்காரி இல்லை. அடுத்த நொடி அவர் கண் மீனலோசனி பக்கம் போனதையும் பார்த்தேன். போனதா, நான் அப்படி நினைத்துக்கொண்டேனா என்பது தெரியவில்லை.

தேர்வு இதுதான். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பலகாரம் ஒன்றைக் கிராமில் எழுதிவர வேண்டும். சீட்டுக் குலுக்கி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வகுப்பிலேயே செய்ய வேண்டும். தாளில் இருப்பதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல். "கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. தாள்தான் பேசணும்" என்றார் ஆசிரியர். சீட்டில், அம்மாவின் முறுக்கை எழுதியிருந்த என் தாள் மீனலோசனிக்குப் போனது. அவளுடையது எனக்கு வந்தது.

பதினெட்டாம் தேதி ரயிலில் அதைப் பிரித்துப் படித்தேன். 'மாமியின் சிப்பி' என்று தலைப்பு. அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து, சிறு உருண்டைகளைப் புதுச் சீப்பின் பற்களில் அழுத்திச் சுருட்டினால் சிப்பி போல வரும், பொரித்துச் சீனிப்பாகில் புரட்ட வேண்டும். வறுத்த அரிசி மாவு இரண்டு டின், 1000 கிராம். சீனி ஒரு டின், 500 கிராம். தேங்காய்ப்பால் 200 மில்லி. ஒரு முட்டை. ஜாலான் காஸ்தாம் ஸ்டேஷன் வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் எதையும் நிறுக்கவில்லை. எங்கள் வீடுகளில் டின் என்றால் தேநீர்ப் பால் டின்தான், மாமி அளப்பதும் அதில்தான். அந்த டின்னின் மேல் 500 கிராம் என்று அச்சடித்திருக்கும். அது உள்ளே இருந்த கெட்டிப் பாலின் எடை. அதே டின்னில் மாவு அதில் பாதிகூட நிற்காது. அவள் அச்சடித்த எண்ணைப் பார்த்து எழுதிவிட்டாள். நானும் இரண்டாவது வாரத்தில் அதே தவற்றைச் செய்யப் போய், கடைசி நேரத்தில் தப்பித்தவள்தான். அதனால்தான் எனக்கு அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டது. ஆனாலும் என்னை நம்பாமல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து முறை நிறுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என் தாள் ஓகேவா குமுதா? பத்து நிமிஷத்துல எழுதினது. உன்ன மாதிரி எனக்குப் பொறுமை இல்ல."

சொல்லியிருக்கலாம். 226 என்ற மூன்று இலக்கங்கள், அவ்வளவுதான். படியில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"கேக்கக் கூடாதுன்னு சார் சொன்னார்ல" என்றேன்.

"ஐயோ, சாரி சாரி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒரு ரோஸ் நிறச் சீப்பை எடுத்து என் கையில் வைத்தாள். இன்னும் அட்டையிலிருந்து பிரிக்காத சீப்பு. சிப்பி அழுத்தப் புதிது வேண்டுமே, நான் எங்கே போய்த் தேடுவேன் என்று வாங்கினாளாம். விதி என் பக்கம் இருக்கிறது என்று அன்று ரயிலில் பல முறை சொல்லிக்கொண்டேன். முந்நூறு கிலோவுக்குப் போன் செய்கிறவள், இரண்டு டின்னில் 548 கிராம் வித்தியாசத்தை அவள் முகத்துக்கு நேரே மறைத்துவிட்டு வந்திருந்தேன்.

வியாழக்கிழமை தாளில் இருந்தபடியே செய்தேன். 1000 என்றால் 1000. ஒரு கிராம் கூடியபோது கரண்டி நுனியால் எடுத்தேன். 200 மில்லி தேங்காய்ப்பாலும் முட்டையும் மாவுக்குள் போன இடம் தெரியவில்லை. பிசையப் பிசைய உதிர்ந்தது. கையால் இறுக்கிச் சீப்பில் வைத்து அழுத்தினால் பற்களுக்கு இடையில் தூளாக விழுந்தது. உருண்டை என்று நம்பி எண்ணெயில் போட்டவை அடியில் மணலாகப் படிந்தன. ஒரு பலகாரத்தைக் கொல்லும் வேலையை நான் இவ்வளவு கவனமாக ஒருபோதும் செய்ததில்லை.

பக்கத்து மேசையில் மீனலோசனி என் அம்மாவின் முறுக்கைப் பிசைந்துகொண்டிருந்தாள். என் தராசை வாங்கி, வழக்கத்துக்கு மாறாக எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுத்தாள். தண்ணீர் 310 வரை. வகுப்பில் கொடுத்தது பாக்கெட் அரிசி மாவு. அதைப் பார்த்தபோதுதான் என் தாளில் விட்டுப்போனது எனக்கு உறைத்தது. வீட்டில் நான் மூன்று முறை செய்து பார்த்தது கிள்ளான் மில்லில் அரைத்த மாவில். ஊறவைத்து, அரைகுறையாக உலர்த்தி அரைத்த ஈர மாவு அது. பாக்கெட் மாவு எலும்பாகக் காய்ந்தது, இன்னும் தண்ணீர் கேட்கும். என்ன மாவு என்று நான் தாளில் எழுதவே இல்லை. அவள் பிசைந்த மாவின் ஓரத்தில் வெடிப்புகள் தெரிந்தன. இனி அச்சில் பிழிந்தால் துண்டு துண்டாக அறுந்து விழும். இரண்டு பேரும் தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

மீனலோசனி அப்போது முகுந்தனிடம், அவன் காரை நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நிற்கவில்லை. கண் தாளுக்குப் போகவில்லை. இடது கை மட்டும் குழாய்க்கு அடியில் போனது. ஒரு கைத் தண்ணீர். பிசைந்தாள். இன்னொரு கை. மூன்றாவது விட்டாளா என்பது தெரியவில்லை, முகுந்தனின் முதுகு மறைத்துவிட்டது. மாவு உள்ளங்கையில் மினுங்கியது. அச்சிலிருந்து முறுக்கு ஓரிடத்திலும் அறாமல் சுற்றிச் சுற்றி இறங்கியது.

ஆசிரியர் ஒன்றை உடைத்தார். அந்தச் சத்தத்துக்கே நாலு பேர் திரும்பினார்கள். "தாள்ல உள்ளதுதானே? கூட்டல, கொறைக்கல?"

"ஓம் சார். அப்படியேதான்."

போனில் இல்லாமல், வகுப்பில் ஒருவரிடம் அவள் 'ஓம்' என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்காகப் பொய் சொன்னாளா, அல்லது தன் கை செய்தது அவளுக்கே தெரியாதா? இப்போதும் தெரியவில்லை. இரண்டில் எது உண்மையானாலும் எனக்குப் பொறாமைதான்.

ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். தூளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மீனலோசனியைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்க மாமி இதைக் கரண்டியில அள்ளித்தான் சாப்பிடுவாங்களாம்மா?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் காது மடல்கள் சிவந்திருந்தன. இவளுக்கும் இப்படிச் சிவக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மூன்று மாதமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. பார்த்தபோது எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாமல் சீப்பின் பற்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திருத்திய தாள்களைத் திங்கட்கிழமை காலை அனுப்ப வேண்டும், அன்று மதியம் பெயர் போய்விடும் என்றார் ஆசிரியர். என் தாளை மட்டும் தனியே எடுத்து, "இதுல திருத்த ஒண்ணும் இல்ல, அப்படியே அனுப்பும்மா" என்றார்.

எல்லோரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது மீனலோசனி என் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டினாள். "நீ தப்பா நிறுத்திருக்க மாட்ட."

"ஆயிரம்தான். எழுதியிருந்தபடி."

"அப்ப என் தப்புதான்." பையைத் திறந்து ஒரு பால் டின்னை எடுத்தாள். விளிம்பைத் தட்டி வழவழப்பாக்கிய, பாதித் தாள் கிழிந்த டின். எல்லோருக்கும் காட்டலாம் என்று மாமியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். "எங்க தப்பு பண்ணேன்னு நீ நிறுத்துப் பாத்துச் சொல்றியா? உன்னாலதான் கண்டுபிடிக்க முடியும்."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? பண்டமாரானில் என் வீடு வந்து சேரும்வரை அதை மடியில் வைத்திருந்தேன். கிழியாத பாதியில் 500 என்ற எண் இருந்தது.

இன்று சனிக்கிழமை. அம்மா பாசாரில் காய்கறி வாங்கப் போனதும் பாக்கெட் மாவு வாங்கி வந்து என் தாளில் இருந்தபடியே முறுக்கு பிசைந்தேன். 310இல் வெடித்தது. ஐந்து ஐந்து கிராமாகத் தண்ணீர் கூட்டிக்கொண்டே போனேன். 350இல் மினுங்கியது. நாற்பது கிராம். நோட்டில் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த நாற்பதைத் தாளில் சேர்த்தால், நன்றாக வந்த முறுக்கை ஏன் மாற்றுகிறாய் என்று ஆசிரியர் கேட்பார். சேர்க்காவிட்டால் ஷா ஆலமில் என் தாளைப் பார்த்துச் செய்கிற யாரோ ஒருத்தியின் கையில் அது அறுந்து விழும். அவள் பக்கத்தில் மீனலோசனி இருக்கமாட்டாள்.

பிறகு, எதற்கென்று தெரியாமல், கிண்ணத்தைத் தராசில் வைத்துக் குழாயில் கையைக் குவித்துப் பிடித்தேன். ஒரு கைத் தண்ணீர் 19. இன்னொரு முறை 24. அடுத்தது 16. தராசுக்குக் கொண்டுவரும் வழியிலேயே விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஐந்து முறை நிறுத்து ஐந்தால் வகுக்கும் யோசனை வந்து, வெட்கமாகப் போய்விட்டது.

போன் மேசையில் அதிர்ந்தது. மீனலோசனி. 'நிறுத்தாச்சா மேடம்? மாமி கேக்குறாங்க, டின்னுக்கு என்ன ஆச்சுன்னு' என்று எழுதிச் சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தாள்.

மாமியின் டின்னில் வறுத்த மாவை நிரப்பி, மேலே வழித்துத் தராசில் வைத்தேன். நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத எண் வந்தது. அதைப் படம் எடுத்தேன். 'இப்பதான் பாத்தேன்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். திங்கட்கிழமைக்குள் அவளும் தன் தாளைத் திருத்திவிடுவாள், எனக்கு நன்றி சொல்வாள், எல்லாம் சரியாகிவிடும். பக்கத்தில் நோட்டு திறந்து கிடந்தது. மேலே சுழன்ற காற்றாடியின் காற்று இன்றைய பக்கத்தைப் புரட்டிப் போன ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுபோயிருந்தது. அந்தப் பக்கத்தையும் படம் எடுத்தேன். போனில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் ஒரே எண்.

எதை அனுப்புவது என்று போனுக்கு மேல் விரலைப் பிடித்திருந்தேன். கை இன்னும் காயவில்லை. மணிக்கட்டில் வழிந்த தண்ணீர் ஒரு துளியாகத் திரண்டு நோட்டில் விழுந்தது. பால்பாயிண்ட் மை, கரையவில்லை. துளிக்கு அடியில் 21 என்ற தேதி மட்டும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாகத் தெரிந்தது.